கண்ணாடிக் குதிரையும் கரண்டு பில்லும்: ‘கண்ணாடி வார்ப்புகள்’ நாடகத்தை வகுப்பில் வாசிப்பது

எஸ்.பி.எம். தமிழ் இலக்கியத்தில் கவிதை, நாவல், நாடகம் என்று மூன்று பகுதிகள் இருந்தாலும், வகுப்பில் ஆகக் குறைவாக மூச்சு விடுவது நாடகம்தான். கவிதையை ராகம் போட்டுப் படிக்கிறோம். நாவலைக் கதையாகச் சொல்லிவிடுகிறோம். நாடகம் வந்தால் பாத்திரத்தின் பண்புநலன் நான்கு, படிப்பினை மூன்று என்று வெண்பலகையில் எழுதிப் போட்டு முடித்துக்கொள்கிறோம். ஒருவர் பேச, இன்னொருவர் அதைக் கேட்டு முகம் மாறுகிற கலை அது என்று தெரியாமலே ஒரு மாணவர் நாடகப் பகுதியில் நல்ல புள்ளி வாங்கிவிட முடிகிறது. இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் உலுக்கிப் பார்க்க, பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு நாடகத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ் எழுதிய ‘தி கிளாஸ் மெனாஜரி’ 1944 டிசம்பரில் சிகாகோவில் மேடையேறி, 1945 மார்ச்சில் நியூயார்க்கின் பிராட்வேக்கு வந்தது. இதைத் தமிழில் ‘கண்ணாடி வார்ப்புகள்’ என்ற பெயரில் மேடைக்குக் கொண்டுவந்தது இலங்கையின் அவைக்காற்று கலைக் கழகம். 1978-இல் தொடங்கிய அந்தக் குழுவை நடத்தியவர்கள் நெறியாளர் க. பாலேந்திராவும் நடிகை ஆனந்தராணியும். பிரெக்ட் நாடகத்தை ‘யுகதர்மம்’ என்றும், லோர்காவின் நாடகத்தை ‘ஒரு பாலை வீடு’ என்றும் தமிழாக்கி மேடையேற்றியவர்களும் இவர்களே. பின்னாளில் லண்டனுக்குப் புலம்பெயர்ந்து அங்கும் விடாமல் தமிழ் நாடகம் போட்டார்கள். நாடகத்தை வயிற்றுப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளாத, வேலை முடிந்து வந்து ஒத்திகை பார்க்கிற ஆட்கள். நம்மூர்த் திருவிழா மேடையில் நாடகம் போட்ட பழைய தோட்டத்து ஆட்களுக்கு இவர்கள் அவ்வளவு தூரத்து உறவில்லை.

கதை சின்னது. செயின்ட் லூயிஸ் நகரத்தில், 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில், ஒரு நெருக்கடியான அடுக்குவீடு. அம்மா அமண்டா. கால் லேசாக ஊனமான, ஆட்களைக் கண்டால் ஒடுங்கிவிடுகிற மகள் லாரா. காலணிக் கிடங்கில் மாதம் 65 டாலருக்கு வேலை செய்துகொண்டு கவிதை எழுதுகிற மகன் டாம். அப்பா தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர், என்றோ வீட்டை விட்டுப் போய்விட்டார். சுவரில் புகைப்படம் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறது. மகளுக்கு ஒரு மாப்பிள்ளையைக் காட்டச் சொல்லி அம்மா நச்சரிக்க, டாம் உடன் வேலை செய்யும் ஜிம் என்பவனை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்து வருகிறான். பள்ளிக் காலத்தில் லாரா மனத்துக்குள் வைத்திருந்த பையன்தான் இந்த ஜிம். நன்றாகப் பேசுகிறான், அவளை ஆட வைக்கிறான், முத்தமும் கொடுத்துவிடுகிறான். அப்புறம்தான் சொல்கிறான், தனக்கு ஏற்கெனவே பெண் நிச்சயமாகிவிட்டது என்று. கொஞ்ச நாளில் டாமும் வீட்டை விட்டுப் போகிறான்.

முதலில் தலைப்பைப் பார்ப்போம். ‘மெனாஜரி’ என்றால் காட்சிக்கு வைத்த விலங்குகளின் கூட்டம். லாரா அடுக்கி வைத்துத் துடைத்துக்கொண்டே இருக்கும் கண்ணாடி விலங்கு பொம்மைகளை அது குறிக்கிறது. தமிழ்த் தலைப்பில் விலங்கு இல்லை. அது ஓர் இழப்புதான். கூண்டில் அடைபட்ட உயிர்கள் என்ற நிழல் போய்விடுகிறது. ஆனால் ‘வார்ப்பு’ என்ற சொல் மூலத்தில் இல்லாத ஒன்றைக் கொண்டுவருகிறது. வார்ப்பு என்றால் அச்சில் ஊற்றி எடுத்தது. அமண்டா தன் இளமைக்கால அச்சில், ஒரே மாலையில் 17 ஆண்கள் தன்னைப் பார்க்க வந்த பழம்பெருமை என்ற அச்சில், மகளை ஊற்றி எடுக்கப் பார்க்கிறாள். இப்படி வாசித்தால் கண்ணாடி வார்ப்பு மேசை மேல் இருக்கும் பொம்மை மட்டுமில்லை. தலைப்பை மொழிபெயர்ப்பதே ஒரு விமர்சனம் என்று மாணவருக்குக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழில் வராத இடங்களும் உண்டு. பள்ளியில் லாராவுக்கு வந்த நோயின் ஆங்கிலப் பெயரை ஜிம் தவறாகக் காதில் வாங்கி, அதே ஓசையில் ‘நீல ரோஜா’ என்று அவளைக் கூப்பிடுகிறான். இந்த ஓசை விளையாட்டைத் தமிழில் அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் படிமம் தப்பித்துவிடும், அதுவும் எங்கள் ஊரில். பிரிஞ்சாங் பிள்ளைகளுக்கு ரோஜாத் தோட்டம் புதிதில்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை எல்லாம் பார்த்திருக்கிறார்கள். “நீலத்துல ரோஜா ஏது சார்?” என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விதான் லாரா. அப்படி ஒரு பூ தோட்டத்தில் பூக்காது.

இந்த நாடகம் தமிழ்ப் பார்வையாளருக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளக் காரணம் வெளிப்படை. பெண் பார்க்க ஒருவன் வருகிறான், வீட்டில் புதுத்திரை தொங்குகிறது, அம்மா பெட்டிக்குள் கிடந்த பழைய உடையை எடுத்துப் போடுகிறாள். நமக்குத் தெரிந்த வீடு இது. ஆபத்தும் அங்கேதான். தமிழாக்குகிறவர் கொஞ்சம் அசந்தால் நாடகம் ‘குமரைக் கரைசேர்க்கும்’ கதையாகிவிடும். சீதனம் என்ற ஒரு சொல்லை உள்ளே நுழைத்தால் போதும், பழி முழுக்கச் சமுதாயத்தின் மேல் ஏறிக்கொள்ளும், பாத்திரங்கள் தப்பித்துக்கொள்வார்கள். மூலத்தில் லாராவுக்குத் தடை பணம் இல்லை, கால்கூட இல்லை. தட்டச்சு வகுப்பில் முதல் வேகச் சோதனையிலேயே வாந்தி எடுத்து, அதோடு வகுப்பை விட்டுவிட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் குளிரில் பூங்காவிலும் விலங்குக் காட்சிசாலையிலும் நாள் முழுக்கச் சுற்றுகிறாளே, அந்த அச்சம்தான் தடை. அந்தச் சோதனையை நம் தேர்வறை வாசலில் கை நடுங்க நிற்கும் பிள்ளையோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அமண்டாவைக் கெட்ட அம்மாவாக எழுதிவிடாதீர்கள் என்று எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்குச் சொல்வேன். அவள் தொலைபேசியில் ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டு மாத இதழ்ச் சந்தா விற்கிறாள். எதிர்முனையில் இருப்பவரின் உடல்நலத்தை உருக்கமாக விசாரித்து, அடுத்த மூச்சில் தொடர்கதையைப் புகழ்ந்து கெஞ்சுகிறாள். சிரிப்பு வருகிற காட்சி. ஆனால் அந்த அவமானத்தை அவள் யாருக்காகப் படுகிறாள்? சிரித்த பார்வையாளருக்கே சிரித்ததற்குக் கூச்சமாக இருக்க வேண்டும். நடிகை வெறும் நகைச்சுவையாகச் செய்தால் நாடகம் அங்கேயே உடைந்துவிடும்.

உடைவது பற்றிச் சொன்னால், மேடையில் கண்ணாடிப் பொம்மைகள் இரண்டு முறை உடைகின்றன. பலரும் இரண்டாவதை மட்டும்தான் எழுதுகிறார்கள்: ஆடும்போது மேசை இடிபட்டு ஒற்றைக் கொம்புக் குதிரையின் கொம்பு போவது. மற்றக் குதிரைகளோடு இனி அது சங்கடமில்லாமல் இருக்கும் என்று லாரா அதையும் சிரித்தே ஏற்றுக்கொண்டு, பிறகு அந்தக் குதிரையை ஜிம்முக்கே நினைவாகக் கொடுத்துவிடுகிறாள். ஆனால் அதற்கு வெகு முன்பே, அம்மாவோடு சண்டை போட்டு டாம் எறிகிற கோட்டு பொம்மைகள் மேல் விழுகிறது. முதலில் உடைத்தவன் அண்ணனோ தம்பியோ யாரோ, வீட்டுப் பிள்ளைதான். விருந்தாளி வந்து உடைத்தது பிறகு. உத்தியைப் பற்றி எழுதும் மாணவர் இந்த இரண்டையும் சேர்த்து எழுதினால், திருத்துபவர் ஒரு கணம் நின்று படிப்பார்.

இப்போது டாம். வகுப்பில் கதையைச் சொல்லி முடித்ததும் வருகிற தீர்ப்பு அனேகமாக ஒன்றுதான்: “அப்பன் மாதிரியே புள்ளையும் ஓடிட்டான் சார்.” விடைத்தாளில் இது ‘பொறுப்பற்றவன்’ என்ற பண்புநலனாகிறது. சான்றும் இருக்கிறது. கரண்டு பில்லுக்கு வைத்த காசை மாலுமிகள் சங்கத்துக்குக் கட்டிவிடுகிறான், விருந்தாளி வந்த இரவில் வீடு இருண்டுபோகிறது. மறுக்கவே முடியாது. அவன் போனால் அம்மாவுக்கும் லாராவுக்கும் அந்த 65 டாலரும் கிடையாது.

ஆனால் இந்தக் கதையை நமக்குச் சொல்பவன் யார்? டாமேதான். மேடைக்கு வந்து, இது நினைவில் நடக்கும் நாடகம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறான். கரண்டு பில் விஷயத்தை நமக்குக் காட்டிக் கொடுப்பவனும் அவனே. பொறுப்பற்றவன் எதற்காகத் தன் மேல் இவ்வளவு சாட்சி சேர்த்து வைக்க வேண்டும்? எங்கே போனாலும், எந்தக் கடை வாசலில் வண்ணக் கண்ணாடியைப் பார்த்தாலும் அவனுக்கு லாராவின் ஞாபகம் வருகிறது. அப்பா அனுப்பிய அஞ்சலட்டையில் வணக்கமும் விடையுமாக இரண்டே சொற்கள்தான். மகனோ ஏழு காட்சிகள் எழுதவேண்டி வருகிறது. ‘அப்பன் மாதிரி’ என்ற தீர்ப்பு இந்த இடத்தில் நிற்காது. வில்லியம்ஸின் சொந்தப் பெயரும் தாமஸ்தான், அவரும் காலணி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அக்கா ரோஸுக்கு 1943-இல் மூளையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு அவர் பழைய ஆளாகத் திரும்பவில்லை. இதை விடையில் அள்ளிக் கொட்ட வேண்டாம். ஒரு வரி போதும்.

எங்கள் மலையில் இந்தக் கேள்வி வெறும் தேர்வுக் கேள்வியில்லை. ஐந்தாம் படிவம் முடித்ததும் தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ பஸ் ஏறி, அங்கிருந்து கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போகிற பிள்ளைகள் இவர்கள். தேயிலைத் தோட்டத்து வீட்டில் அம்மா இருப்பார், சில வீட்டில் லாரா மாதிரி ஒருத்தியும் இருப்பாள். போகாதே என்று இந்த நாடகம் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. ஆகவே ‘படிப்பினை’ என்ற தலைப்பில் ஒரே வரி எழுதச் சொல்லாமல், டாமுக்கு ஆதரவாக ஒரு பத்தி, எதிராக ஒரு பத்தி, இரண்டுக்கும் நாடகத்திலிருந்தே சான்று என்று கேட்கலாம்.

பள்ளி மேடையில் போட விரும்பும் ஆசிரியர்களுக்கு: நான்கே நடிகர்கள், ஒரே வீடு, செலவு குறைவு. வில்லியம்ஸ் திரையில் படமும் எழுத்தும் காட்டும்படி குறிப்பு எழுதியிருந்தார். பிராட்வே மேடையேற்றம் அதை விட்டுவிட்டது, நீங்களும் விடலாம். மெழுகுவர்த்தியை மட்டும் விடாதீர்கள். நம் மேடைப் பழக்கத்தில் குரலை உயர்த்தினால்தான் உணர்ச்சி என்று நினைக்கிறோம். லாராவுக்கு வசனம் குறைவு, அதுவும் மெல்லச் சொல்வது. அவளுக்கு மைக்கில் கத்தத் தெரிந்த பிள்ளையைப் போடாமல், சும்மா இருக்கத் தெரிந்த பிள்ளையைத் தேடுங்கள்.

கடைசிக் காட்சியில் டாம் நம்மிடம் பேசிக்கொண்டிருக்கும்போது, பின்னால் அமண்டா லாராவைத் தேற்றுகிறாள். அவள் வாய் அசைவது தெரியும், குரல் கேட்காது. இப்போது அவளிடம் அசட்டுத்தனம் இல்லை, ஒரு கம்பீரம் இருக்கிறது என்று ஆசிரியர் குறிப்பு எழுதுகிறார். நாடகம் முழுக்க ஓயாமல் பேசிய அம்மாவின் சொல் நமக்குக் கிடைக்காத ஒரே இடம் இது. அந்த வசனத்தை மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். பத்து வரிக்குள், வீட்டில் அம்மா பேசுகிற தமிழிலேயே.