பெயர் எழுதப்பட்டவர்களும் எண்ணப்பட்டவர்களும்

செகந்திராபாத் கன்டோன்மென்ட்டுக்கு வடக்கே இருக்கிறது அல்வால். அதை அடுத்த போலாரம், நிஜாமின் செலவில் ஆங்கிலேய அதிகாரிகள் நடத்திய ஹைதராபாத் கன்டிஞ்சன்ட் படையின் தலைமையிடமாக இருந்தது. மதராஸ் ராணுவத்தோடு வந்து இங்கேயே வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் உண்டு; ஓய்வுபெற்ற படையினர் பலரும் இங்கே வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார்கள். இத்தகைய குடும்பங்களின் நினைவுகளும் ஆய்வுக்கு உரியவை. ஆனால் போரில் இறந்த இளம் வீரனை நாம் எப்படி நினைவில் வைக்கிறோம் என்ற ஆய்வு இதுவரை பெரும்பாலும் கல், அரசுச் சின்னம், கடிதம் ஆகிய மூன்றைச் சுற்றியே நடந்திருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். வீரன் எவ்வளவு காலம் நினைக்கப்படுவான் என்பது அவனைப் பற்றி யார், எதை எழுதிவைத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

தமிழில் இத்துறை நடுகல்லில் தொடங்குகிறது. கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல், கூடலூர் ஆநிரைப் பூசலில் இறந்த தீயன் அந்தவனின் பெயரைச் சொல்கிறது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. மாண்ட வீரன் கருந்தேவக்கத்தியின் பெயரோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாய் கோவிவனின் பெயரும் அதில் இருக்கிறது. நாயின் உருவத்தையும் வீரனுக்கு அருகில் செதுக்கியிருக்கிறார்கள்.

இதோடு, முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் இறந்தவர்களுக்கு எழுப்பப்பட்ட பாஸ்ரா நினைவுச் சின்னத்தை ஒப்பிட வேண்டும். பிரிட்டிஷ் படையினருக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் அங்கே பெயர் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு அது கிடைக்கவில்லை. படைப்பிரிவின் பெயருக்குக் கீழே இறந்தவர்களின் எண்ணிக்கை மட்டும் இடம்பெற்றது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களின் நினைவில் இப்படிப் பாகுபாடு காட்டப்பட்டதை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் சிறப்புக் குழு 2021இல்தான் ஒப்புக்கொண்டது. சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறையில் உள்ள 1914-1918 நினைவுச் சின்னத்துக்கு வேறொரு கதை. இந்தியாவின் பல கன்டோன்மென்ட் கல்லறைகளில், நிரந்தரமாகப் பராமரிக்க முடியாத இடங்களில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களை அது தாங்குகிறது.

கடித ஆய்வில் டேவிட் ஒமிசி 1999இல் வெளியிட்ட தொகுப்பு முக்கியமானது. பிரான்சில் போரிட்ட இந்தியச் சிப்பாய்களின் குரல் அதில் கேட்கிறது. அந்தக் கடிதங்கள் நம் கைக்கு வந்ததற்குக் காரணம் தணிக்கை: சிப்பாய்களின் மனநிலையை வேவு பார்த்த அதிகாரிகள் கடிதங்களைப் படித்து, பகுதிகளை மொழிபெயர்த்துக் கோப்பில் சேர்த்தார்கள்.

அதே 1999இல் கார்கில் போர் நடந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த மேஜர் பத்மபாணி ஆச்சார்யா, 2ஆம் ராஜ்புதானா ரைஃபிள்ஸில் கம்பெனி கமாண்டர். ஜூன் 28 அன்று லோன் ஹில் தாக்குதலில் இறந்தபோது வயது 31. மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. இறப்பதற்குச் சில நாள் முன்பு தந்தைக்கு எழுதிய கடிதத்தில், கருவுற்றிருந்த மனைவிக்குத் தினமும் மகாபாரதக் கதை சொல்லச் சொல்லியிருந்தார். அவர் மறைந்தபின் பிறந்த மகள் வளர்ந்து தந்தையைப் பற்றி நூல் எழுதினார். அதே தாக்குதலில் இறந்த 22 வயது விஜயந்த் தாப்பர், ஒரு சிறுமிக்கு மாதம் 50 ரூபாய் கொடுத்துவரும்படி பெற்றோருக்கு எழுதிவைத்திருந்தார். அதே போரில் படாலிக்கில் மே 29 அன்று இறந்த மேஜர் சரவணனின் உடல் ஒரு மாதத்துக்குப் பிறகே மீட்கப்பட்டது; அவருக்குத் திருச்சியில் நினைவிடம் இருக்கிறது.

கார்கிலில் இறந்தோர் அரசுக் கணக்கில் 527 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஜவான்கள். டெல்லியில் 2019இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னம், பதவி வேறுபாடின்றி 25,000க்கும் மேற்பட்டோரின் பெயரைக் கருங்கல்லில் பொறித்திருக்கிறது. பாஸ்ராவில் நேர்ந்த குறை அதில் இல்லை. ஆனாலும் பரவலாகப் பேசப்படும் கதைகளில் கணிசமானவை கடிதம் விட்டுச்சென்ற, பதக்கம் பெற்ற அதிகாரிகளுடையவை. பெயருக்குப் பின்னால் இருந்த ஆளை அறிய ஊர்க்காரர், உறவினர், உடன் பணியாற்றியவர் ஆகியோரின் வாய்மொழி வேண்டும். டிரங்குப் பெட்டியில் கிடக்கும் இன்லண்ட் லெட்டர்களும் முன்னாள் படைவீரர் நல அலுவலகக் கோப்புகளும் வேண்டும். தமிழ், தெலுங்கு இரண்டும் தெரிந்த ஆய்வாளர்கள் இதை அல்வாலிலேயே தொடங்கலாம். கார்கிலில் உடன் போரிட்டவர்கள் முதுமை எய்துவதற்குள் அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்துவிட வேண்டும்.