கேட்கத் தெரிந்த மலைகள்

மதுரைக்கு வடபால் ஆனையூரில் உயர்ந்ததொரு மாடியில் ஏறி நிற்பவருக்குக் கிழக்கே யானைமலையின் நீண்ட பாறையும், வடகிழக்கே அழகர்மலையும், வடக்கே சிறுமலையும், தென்மேற்கே நாகமலையின் முதுகும், வானம் நிர்மலமாக இருக்கும் நாட்களில் வடமேற்கே வெகுதூரத்தில் பழனி மலைத்தொடரின் நீல விளிம்பும் தென்படும். இயற்கையில் ஈடுபட்டவர் இவற்றின் அழகை ரசிப்பார். சரித்திரம் பயின்றவர் யானைமலையின் சமணக் குகைகளை நினைப்பார். இருவழி வானொலியின் கலையில் மனம் தோய்ந்தவரோ இவற்றுள் எந்த மலைக்கு நன்றாகக் காது கேட்கும் என்றுதான் முதலில் ஆராய்வார்.

தாழ்பட்டை என்று அக்கலையினர் வழங்குவது 30 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்களை. இவற்றின் அலை ஆறு மீட்டர் முதல் பத்து மீட்டர் வரை நீளமுடையது. 150 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் வாக்கி-டாக்கியின் இரண்டு மீட்டர் அலை தடைகளைச் சுற்றி அவ்வளவு எளிதில் வளையாது. இந்த நெட்டலையோ கண்மாய்க்கரையையும் தென்னந்தோப்பையும் சிறு கரட்டையும் தழுவி வளைந்து, மறுபுறத்துப் பள்ளத்திலும் இறங்குகிறது. விஸ்தாரமான சமவெளி ஒன்றைச் சொற்ப நிலையங்களைக் கொண்டு பேச்சால் இணைக்க வேண்டுமானால் இதற்கு நிகரான அலை வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

இக்கலையின் ஆதி சிருஷ்டி அமெரிக்காவில் நிகழ்ந்தது. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் கண்டளித்த எஃப்.எம். முறையைக் கையாண்டு, டேனியல் நோபிள் என்ற பேராசிரியர் 1940இல் கனெக்டிகட் மாகாணப் போலீசாருக்காக மாகாணம் முழுவதும் பரந்த இருவழி வானொலி அமைப்பொன்றை நிர்மாணித்தார். வண்டியின் ஸ்பார்க் பிளக்குகள் எழுப்பும் படபடப்பை அது பெரும்பாலும் அடக்கியது. அதனினும் விசேஷமாக, இரு நிலையங்கள் ஒருங்கே பேசினால் இரண்டு குரலும் கலந்து குழம்பாமல், வலுத்த குரல் மற்றதை முற்றிலும் விழுங்கிவிடும் குணம் அதற்கு இருந்தது. அதனால், தூரத்து நிலையங்கள் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்வது சாத்தியமாயிற்று. பின்னர் அதே நோபிள் முன்னின்று உருவாக்கியதுதான், இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் முதுகில் சுமந்த, 40 முதல் 48 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கிய எஸ்.சி.ஆர்-300 கருவி.

நெட்டலைக்கு நெடிய ஏரியல் வேண்டும். 40 மெகாஹெர்ட்ஸில் கால் அலை என்பது ஏறக்குறைய 1.9 மீட்டர், ஜீப்பின் மேல் சுருள்வில்லில் நிற்கும் எஃகுக் கம்பியும் அவ்வளவு உயரம் இருக்கும். புளியமரச் சாலையில் கிளைகள் அதை அடித்துக்கொண்டே வருமாதலால், டிரைவர் அதை முன்புறமாக வளைத்துக் கயிற்றால் கட்டிவிடுவார். கட்டிய மாத்திரத்தில் அதன் திறமும் குன்றிவிடும். இவ்வலையில் ஒரே கம்பத்தில் கேட்டுக்கொண்டே பேசும் ரிப்பீட்டர் அமைப்பதும் கடினம். ஒலிபரப்பின் வேகம் அருகிலுள்ள ரிசீவரைச் செவிடாக்காமல் காக்கும் உலோகக் குழாய் வடிகட்டிகள் ஆளுயரத்தையும் மிஞ்சிவிடும். ஆகவே தேர்ந்த பொறியாளர் டிரான்ஸ்மிட்டரை ஒரு குன்றிலும் ரிசீவரைச் சில கிலோமீட்டர் தள்ளி மற்றொரு குன்றிலும் வைத்து, இரண்டையும் வேறோர் அலைவரிசையால் பிணைப்பார். கம்பத்தடியில் கரியும் உப்பும் மாறிமாறி இட்ட எர்த் குழிக்குக் கோடையில் தவறாமல் தண்ணீர் ஊற்றச் சொல்வதையும் அவர் மறக்கமாட்டார். குன்றின் உச்சியில் நிற்கும் கம்பத்தைத்தான் இடி முதலில் தேடி வரும்.

உயரத்தின் மகிமையைக் கணக்கே சொல்லும். சமவெளியில் முப்பது மீட்டர்க் கோபுரம் வண்டியின் ஏரியலை நேர்கோட்டில் காண்பது சுமார் 28 கிலோமீட்டர் வரை. சமவெளிக்கு மேல் இரண்டாயிரம் மீட்டர் உயர்ந்த கொடைக்கானல் மலைக்கோ அடிவானமே 180 கிலோமீட்டருக்கு அப்பால்தான். கொடை எஃப்.எம். பல மாவட்டங்களில் ஒலிப்பது இந்த உயரத்தின் பிரசாதமே. ஆனால் இருவழிப் பேச்சுக்கு அத்தனை உயரம் சமயத்தில் பாதகமாகவும் முடியும். தன் எல்லைக்குள் உள்ளவரோடு வேண்டாதவர் குரலையும் அது வாரிக்கொள்ளும். போதாததற்குச் சூரியனும் இதில் தலையிடுகிறது. பதினோராண்டுச் சுழற்சியில் சூரியக் கரும்புள்ளிகள் மிகும்போது அயனமண்டலம் தடித்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள குரல்களை நம் தலையில் இறக்கிவிடும். 1963இல் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவுவதற்குக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்ததற்குக் காரணமான காந்த நடுக்கோடு நமக்குச் சற்றுத் தெற்கேதான் செல்கிறது என்பதால், இங்கு இந்த விளைவு அதிகம். கரும்புள்ளிகளை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் படமெடுத்துவரும் வானாய்வகமும் அதே கொடைக்கானலில் இருப்பது எனக்கு மாறாத வியப்பைத் தருகிறது. அந்நியக் குரலைத் தடுக்க, பேச்சின் அடியில் காதுக்கு எட்டாதபடி ஒரு தாழ்ந்த ரீங்காரத்தைச் சேர்த்தனுப்புவார்கள். அந்தச் சுருதியைக் கேட்டால் மட்டுமே ரிசீவர் வாய் திறக்கும்.

இத்தனைக்கும் மேலான கலை, கேட்பதில் இருக்கிறது. மின்கம்பிகளும் மோட்டார்களும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் எழுப்பும் இரைச்சல் தாழ்பட்டையில்தான் மிகுதி. ஆனையூர் போன்ற நெருங்கிய குடியிருப்பில் மெல்லிய குரல் அதில் மூழ்கிப்போகும். நிலையத்தின் நூறு வாட் குரல் வண்டிக்கு எட்டுவதில் வியப்பில்லை. வண்டியின் குரல் நிலையத்துக்கு எட்டுகிறதா என்பதே பரீட்சை. ஆகவே சந்தடியற்ற பல குன்றுகளில் ரிசீவர்களை வைத்து, எல்லாம் கேட்டதை ஓரிடத்தில் ஒப்பிட்டுச் சிறந்ததைக் கணத்தில் தெரிவு செய்யும் ஏற்பாட்டையே நான் போற்றுகிறேன். நத்தம் சாலையில் பேசிக்கொண்டே செல்லும் வண்டி அழகர்மலையின் மறைவில் புகும்போது ஒரு ரிசீவர் அதை இழக்க, அக்கணமே மற்றொன்று ஏந்திக்கொள்ள, கட்டுப்பாட்டு அறையில் வாக்கியம் முறியாமல் விழவேண்டும். பணம் போதவில்லையென்றால் டிரான்ஸ்மிட்டரின் சக்தியைப் பாதியாக்குங்கள், நஷ்டம் மூன்று டெசிபல்தான். ரிசீவர்களில் ஒன்றைக் குறைக்க மட்டும் நான் சம்மதிக்கமாட்டேன்.