கேளாது இயற்றிய சட்டம்: கனேடியத் தீர்ப்பொன்று பற்றிய நோக்கு

சுதேசிய மக்களின் நிலத்தையும் நீரையும் பாதிக்கும் சட்டமொன்றை இயற்றுமுன் அம்மக்களைக் கலந்தாலோசிக்கும் கடமை அரசுக்கு உண்டா? மிக்கிசியூ கிறீ மக்கள் தொடுத்த வழக்கில், 2018 ஒக்தோபர் 11 அன்று கனேடிய உயர் நீதிமன்றம் இவ்வினாவுக்கு 'இல்லை' என விடையிறுத்தது. ஒன்பது நீதியரசருள் எழுவர் இம்முடிவினர். இம்முடிவின் தருக்கம் ஆராயற்பாலது.

அல்பேட்டா மாகாணத்தின் வடகிழக்கே அதபாஸ்கா ஏரியைச் சார்ந்து வாழும் இம்மக்களின் முன்னோர், 1899 இல் முடிக்குரிய அரசுடன் எட்டாம் உடன்படிக்கையைச் செய்துகொண்டனர். அதன்வழி ஏறத்தாழ 840,000 சதுர கிலோமீற்றர் நிலப்பரப்பு அரசின் வசமாயிற்று. வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் உள்ள உரிமை தொடரும் என்பது அதற்கு ஈடாகப் பெற்ற வாக்குறுதிகளுள் முதன்மையானது. 1982 ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம், 35 ஆம் பிரிவில், இத்தகைய உரிமைகளை ஏற்று உறுதிப்படுத்தியது. அவ்வுரிமைகளைப் பாதிக்கக்கூடிய செயலை எண்ணும்போதே உரியோரைக் கலந்தாலோசித்தல் அரசின் கடமை என்பதை 2004 இல் ஹைடா வழக்கு நிலைநாட்டியது. மறு ஆண்டில், வூட் பஃபலோ தேசிய பூங்காவினூடாகப் பனிக்காலப் பாதையொன்றை அமைப்பதற்கும் இக்கடமை பொருந்தும் என்ற தீர்ப்பை மிக்கிசியூ மக்களே பெற்றனர்.

2012 இல் கனேடிய மத்திய அரசு இரு பெருஞ் சட்டமூலங்களை நிறைவேற்றியது. மீன்வளச் சட்டம், சுற்றாடல் மதிப்பீட்டுச் சட்டம், கப்பற் போக்குவரத்துக்குரிய நீர்நிலைகள் பற்றிய சட்டம் முதலியன அவற்றால் மாற்றமுற்றன. மத்திய அரசின் மேற்பார்வைக்கு உட்பட்ட நீர்நிலைகளும் செயற்றிட்டங்களும் சுருங்கின. எக்கட்டத்திலும் இம்மக்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை.

பெரும்பான்மையினரின் வாதம் வலுவேறாக்கக் கோட்பாட்டில் ஊன்றியது. அமைச்சர் சட்டமூலத்தை வரைவது சட்டவாக்கத்தின் பகுதியே. அதனுள் நீதிமன்றம் நுழைதல் பாராளுமன்றத்தின் சுயாதீனத்தைக் குலைக்கும் என்பது அதன் சாரம். இவ்வச்சம் ஆதாரமற்றதன்று. ஒவ்வொரு சட்டமூலமும் பாராளுமன்றத்தை அடையுமுன் நீதிமன்றப் படியேறுமாயின் சட்டவாக்கமே தடைப்படக்கூடும்.

ஆயினும் இவ்வாதம் வாக்களித்தவர் யார் என்பதை மறந்துவிடுகிறது. உடன்படிக்கை செய்த அதே அரசே சட்டமூலத்தையும் தயாரிக்கின்றது. அமைச்சர் பாதையொன்றுக்கு அனுமதி வழங்கும்போது கடமையுடையவர். அப்பிரதேசத்து நீர்நிலைகள் அனைத்தின் காவலையும் தளர்த்தும் சட்டமூலத்தை வரையும்போது கடமையற்றவர்! சிறு செயலுக்குக் கட்டுப்பாடும் பெருஞ் செயலுக்கு விலக்கும் அளிக்கும் விதி நியாயமானதன்று. கடமை சட்டவாக்கத்துக்கும் உண்டு என நீதியரசர் அபெல்லாவும் மார்ட்டினும் கொண்ட கருத்தே பொருத்தமுடையது.

சட்டம் நிறைவேறிய பின்னர் அதனை எதிர்த்து வழக்காடலாம் என்று கூறப்படுவதும் போதிய பரிகாரமாகாது. அவ்வாறு வழக்காடுவோர், சட்டம் தம் உரிமையை மீறியது என நிரூபித்தல் வேண்டும். 2012 ஆம் ஆண்டின் மாற்றங்கள் மீன்பிடித்தலைத் தடுக்கவில்லை. மீன் வாழும் நீரைக் கண்காணிக்கும் ஏற்பாடுகளையே குறைத்தன. கண்காணிப்புக் குறையுமிடத்துத் தீங்கை நிரூபிப்பதற்கான சான்றும் குறையுமன்றோ!

சட்டவாக்க நடவடிக்கைகளுக்கு முன்னர் சுதேசிய மக்களின் சுயேச்சையான சம்மதத்தைப் பெறுதற்பொருட்டு அவர்களுடன் கலந்தாலோசித்தல் வேண்டும் என்கிறது 2007 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் பிரகடனம். அன்று அதனை எதிர்த்து வாக்களித்த கனடா, 2021 இல் தன் சட்டங்களை அப்பிரகடனத்துக்கு இசைவாக்கும் சட்டமொன்றை இயற்றியது. மீன்வளச் சட்டத்தில் இழந்த பாதுகாப்புகள் பலவும் 2019 இல் மீண்டன. இவை வரவேற்கத்தக்கனவே. எனினும், ஒரு பாராளுமன்றம் மீட்டதை மற்றொன்று பறிக்கலாம். ஆட்சியாளரின் நல்லெண்ணத்தில் தங்கிநிற்பது சலுகையேயன்றி உரிமையன்று. நீதிமன்றத்தின் ஒன்பதின்மரும் மதிப்பதாகக் கூறிய முடியின் கண்ணியம், சட்டம் வரையப்படும் மேசைவரை செல்லாவிடின், 1899 இல் அளித்த வாக்கு வெறும் ஏடாகவே எஞ்சும்.