புத்தரைக் காலிலிருந்து பாருங்கள்

கொல்லிமலையில் பெரக்கரை நாட்டுப் பக்கம் தங்குகிறவர்கள் அறப்பளீசுவரர் கோயிலையும் ஆகாய கங்கையையும் பார்த்துவிட்டு வீடு திரும்பிவிடுகிறார்கள். ஒரு நாள் மிச்சமிருந்தால் முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கி, ஆத்தூரைத் தாண்டி, தலைவாசல் பக்கத்துத் தியாகனூருக்குப் போங்கள். அங்கே தியானத்தில் அமர்ந்த கல் புத்தர்கள் இருவர் இருக்கிறார்கள்.

முகத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் கால். வட இந்தியப் புத்தர் பெரும்பாலும் கால்களைப் பின்னி, இரண்டு உள்ளங்கால்களும் தெரிய அமர்ந்திருப்பார். நம் பக்கத்துப் புத்தர் ஒரு காலின் மேல் இன்னொன்றைச் சும்மா வைத்திருப்பார்; ஒரு பாதம்தான் மேலே தெரியும். அநுராதபுரத்துச் சமாதி புத்தரும் தாய்லாந்தின் சுகோதைப் புத்தர்களும் இப்படியேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏடு சுமந்து கடல் கடந்த பிக்குகளோடு உட்காரும் விதமும் சேர்ந்தே பயணம் போயிருக்கிறது.

பக்கத்து ஆறகளூரில் காஞ்சிபுரம் 16 காதம் என்று சொல்லும் பழைய பெருவழிக் கல் ஒன்று உண்டு. படிக்காதவர்களும் தொட்டு எண்ணிக்கொள்ள 16 குழிகள் வெட்டியிருக்கிறார்கள். கல் பிற்காலத்தது, ஆனால் காஞ்சி அதற்கு வெகுமுன்பே பிக்குகளின் ஊர். இலங்கைக்குப் போகும் எண்ணத்தோடு 7ஆம் நூற்றாண்டில் அங்கே வந்த சீனத் துறவி யுவான் சுவாங், அந்தத் தீவில் குழப்பமும் பஞ்சமும் என்று தப்பி வந்த பிக்குகள் சொன்னதால் கப்பல் ஏறவில்லை. காஞ்சியோடு தொடர்புடைய பிக்கு வச்சிரபோதி ஏறினார். இலங்கை, ஸ்ரீவிஜயம் வழியாகச் சீனம் சேர்ந்து, 741இல் இறக்கும்வரை வடமொழி நூல்களைச் சீனத்தில் பெயர்த்தார். வழியில் அடித்த புயலில் பெரிய நூலைக் கடலில் எறிய வேண்டியதாகி, சுருக்கம் மட்டுமே மிஞ்சியது என்று அவருடைய சீடர் மரபு சொல்கிறது. பெரிய நூல் அலையில் போயும் மிச்சத்தை உட்கார்ந்து மொழிபெயர்த்த மனிதரை நினைத்தால், எனக்கு அற்புதக் கதைகளைவிட இதுவே பெரிதாகப் படுகிறது.

தியாகனூரைப் பார்த்த கண்ணோடு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1856 முதல் நாகப்பட்டினத்தில் கிடைத்த வெண்கலப் புத்தர்கள் பலர் அங்கே. ஸ்ரீவிஜய அரசன் பெயரில் சூடாமணி விகாரம் எழுந்த துறைமுகம் அது. இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரை அந்த விகாரத்துக்குக் கொடுத்தான். இந்தப் புத்தர்களின் உச்சியில் நெருப்புச் சுடர் எழும். இலங்கையிலும் அதைக் காணலாம். பல உருவங்கள் சின்னவை, கையில் தூக்கிப் போகும் அளவு. கண்ணாடிக்குக் கிட்டே குனிந்து பீடத்தைப் பாருங்கள்: சிலவற்றில் தமிழ் எழுத்துகள் பொறித்திருக்கும்.