நாவற்பழ நிறத்தில் நுரை

மெல்பேர்ணில் நத்தார் என்றால் கொளுத்தும் வெயில். அப்படியொரு மத்தியானம், பின்வளவு நிழலில் இடியப்பமும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் மேசைக்கு வந்த நேரம் பார்த்து ஐஸ் வாளிக்குள் இருந்த போத்தலை உடைத்தேன். ஊற்ற ஊற்ற நாவற்பழ நிறத்தில் நுரை கிளாஸ் விளிம்பு வரை ஏறி, சரசரத்து அடங்கியது. மாமா கண்ணைச் சுருக்கினார். "என்ன தம்பி, சிவப்பு வைனைக் குளிர வைக்கக்கூடாது எண்டெல்லோ சொல்லுவினம்? இது கள்ளு மாதிரி நுரைக்குது!"

மாமா சரியான இடத்தைத்தான் தொட்டார். நுரை, மெல்லிய இனிப்பு, அடியில் ஒரு புளிப்பு. ஸ்பார்க்ளிங் ஷிராஸ் என்ற இந்த நுரைக்கும் சிவப்பு வைன் கள்ளுக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

1881இல் மெல்பேர்ணில் தொடங்கியது இந்தக் கூத்து. ஷாம்பேன் செய்யும் முறையை ஒரு பிரெஞ்சுக்காரர் சிவப்பு வைனில் போட்டுப் பார்த்தார். பிறகு இதற்குத் தாய்வீடாக அமைந்தது விக்டோரியாவின் கிரேட் வெஸ்டேர்ன் என்ற சிற்றூர். அங்கே நிலத்தடியில் கிலோமீற்றர் கணக்கில் சுரங்க அறைகள். தங்கவேட்டை ஓய்ந்து வேலையற்று நின்ற சுரங்கத் தொழிலாளர்களை வைத்து 1860களில் ஜோசப் பெஸ்ட் என்பவர் வெட்டத் தொடங்கியவை. பொன் தேடிய கைகள் போத்தல் உறங்க இடம் வெட்டிக் கொடுத்தன. செப்பெல்ட் நிறுவனத்துக்காக 1932 முதல் 1963 வரை அங்கே வைன் செய்த கொலின் பிரீஸின் போத்தல்களைப் பற்றிப் பழைய ரசிகர்கள் இன்றும் பயபக்தியோடுதான் பேசுவார்கள். அவர் காலத்தில் இதன் பெயர் 'ஸ்பார்க்ளிங் பர்கண்டி'. அது எங்கள் ஊர்ப் பெயர் என்று ஐரோப்பா உரிமை கேட்க, பெயர் மாறியது. எனக்கென்னவோ புதுப் பெயர்தான் நேர்மையானது. உள்ளே இருப்பது ஷிராஸ் தானே.

இனிப்பு எங்கிருந்து வருகிறது? மூடிய போத்தலுக்குள் இரண்டாம் முறை நொதிக்கவிட்டு, அடியில் படிந்த ஈஸ்ட் கசடை வெளியேற்றியதும் கொஞ்சம் இனிப்பு வைன் ஊற்றி நிரப்புவார்கள். சிலர் இதற்குப் பழைய போர்ட் வகையையே எடுப்பதுண்டு. லீற்றருக்கு இருபது கிராம் சொச்சம் சர்க்கரை. கோலாவில் நூறுக்கு மேல் என்பதை நினைத்தால் இது ஒன்றுமேயில்லை. ஆனாலும் வைன் பண்டிதர்களுக்கு 'இனிப்பு' என்ற சொல்லே ஆகாது. அவர்கள் மெச்சும் வறண்ட, கனத்த சிவப்பை எங்கள் கறியோடு குடித்துப் பாருங்கள். துவர்ப்பும் மதுசாரமும் மிளகாயோடு சேர்ந்து நாக்கில் நெருப்பு வைக்கும். இந்தச் சிறு இனிப்பும் குளிர்ச்சியும் அதை அணைக்கின்றன.

இன்னொரு பொருத்தம் மிளகில் இருக்கிறது. விக்டோரியாவின் குளிர்ந்த பக்கத்து ஷிராஸில் மிளகு மணக்கும். ஏதோ உவமைக்குச் சொல்லவில்லை. மிளகுக்கு அந்த மணத்தைக் கொடுக்கும் ரொட்டண்டோன் என்ற அதே பொருள் ஷிராஸ் திராட்சையிலும் இருப்பதை 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். மிளகும் பெருஞ்சீரகமும் வறுத்து இடித்த தூளில் பிரட்டிய இறைச்சியோடு இது ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது என்று அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்டதில்லை.

வாத்துக் கறி, நெய்யில் தாளித்த ஈரல், கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு எல்லாவற்றோடும் நன்றாகப் போகும். மீன் சொதியோடு வேண்டாம், தேங்காய்ப்பாலை இது அமுக்கிவிடும். கண்ணீர் வரவைக்கும் நண்டுக் கறியோடும் வேண்டாம். குமிழியே நாக்கைக் குத்துவது, உறைப்போடு சேர்ந்தால் ஊசிதான். ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மாமா இரண்டாவது கிளாசை நீட்டினார். நான் கொடுத்திருந்தது ஷாம்பேனுக்கான ஒடுங்கிய நெட்டைக் கிளாஸ். "இதுக்குள்ளை மூக்குப் போகாது தம்பி. கள்ளுப் பிளாவிலை ஊத்தியிருந்தா வாசம் பிடிச்சிருக்கலாம்."

உள்ளே போய் அகன்ற சிவப்பு வைன் கிளாஸ்களை எடுத்து வந்தேன்.