காதுக்குத் தெரியும் எது விமானம் என்று

விமானம் வரும் சினிமாவைக் கண்ணால் பார்த்துக் குறை பிடிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நான் காதால் பிடிக்கிற ஆள். இந்தக் கிறுக்கில் எவ்வளவு இன்பம் இருக்கிறது என்று யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

பதுளைக்கும் பசறைக்கும் அந்தப் பக்கம், நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு வேறு வழியும் இல்லை. மார்கழி மழையில் மூடுபனி லயத்துக் கூரைவரை இறங்கி உட்கார்ந்துவிடும். பிரட்டுக்களமே தெரியாத காலையில் வானம் எங்கே தெரியப் போகிறது? ஆனால் சத்தம் வரும். பனிக்கு மேலே எதுவோ ஒன்று கிழக்கே போய்க்கொண்டிருக்கும். அது ஒரு எஞ்சினா, நாலு எஞ்சினா, விசிறி சுழல்கிறதா, ஜெட் இரைகிறதா என்று காதே கண்ணாக இருந்து கண்டுபிடிக்க வேண்டும். பிறகு கோயில் திருவிழாக்களுக்கு ஸ்பீக்கர் கட்டுவது தொழிலாகவும் அமைந்துவிட்டதா, எந்தச் சத்தத்தையும் சும்மா விடாத காதாகிவிட்டது.

இப்போது அக்கா மகனின் போனில் மேலே போகும் விமானத்தின் பெயரும் உயரமும் ஓடுகின்றன. அவன் திரையைத் தட்டுவதற்குள் நான் சொல்லிவிடுவேன். "நாலு எஞ்சின்டா. பெருசு." அவன் பார்த்துவிட்டுக் கத்துவான்: "மாமா! எமிரேட்ஸ் ஏ380! மெல்போர்ன் போகுது!" அந்த நேரத்தில் எனக்கு வரும் பெருமையைப் பெரிய துரை பங்களாவில்கூட வைக்க இடம் இருக்காது.

இப்படிப்பட்ட ஆளைக் கூட்டிவைத்துக்கொண்டு படம் பார்ப்பது வீட்டில் இருப்பவர்களுக்குச் சிரமம்தான். "வாய மூடிக்கிட்டுப் படத்தப் பாருங்க" என்பது என் மனைவியின் நிரந்தர வசனம். எப்படி மூடுவது? திரையில் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு ஒரு ஜெட் போகிறது. போகிற அதே கணத்தில் அதன் இரைச்சலும் வருகிறது! 35,000 அடியில் தலைக்கு நேர் மேலே பறப்பதன் சத்தம் எங்கள் மலைக்கு வந்து சேர அரை நிமிடம் பிடிக்கும். அதற்குள் அது ஏழு, எட்டு கிலோமீற்றர் கடந்துவிடும். சத்தம் பதுளைப் பக்கம் கேட்கும், விமானம் மொனராகலைப் பக்கம் இருக்கும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் இது தெரியும். சத்தம் வரும் இடத்தைவிட்டுத் தள்ளித்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். கோடிக்கணக்கில் செலவழித்துப் படம் எடுக்கிறவர்களுக்குத் தெரியவில்லை.

ஹெலிகொப்டர் விஷயம் இதைவிட அருமை. தியத்தலாவையில் விமானப்படை முகாம் இருப்பதால் எங்கள் பக்கம் ஹெலிகொப்டர் புதிதல்ல. பெல் 212 வந்தால் மலை முழுக்க "டப் டப் டப்" என்று அடிக்கும். அதன் பெரிய விசிறிக்கு இரண்டே இதழ்கள். ஓர் இதழ் கிளப்பிவிட்ட காற்றுச் சுழலை அடுத்த இதழ் வந்து வெட்டும்போது பிறக்கிற அடி அது. பெல் 412க்கு நாலு இதழ், அடி அடுத்தடுத்து நெருங்கி விழும். எம்.ஐ.-17க்கு ஐந்து, அது அடிப்பதே இல்லை, உறுமும். மூன்றும் நம் விமானப்படையிடம் உண்டு, மூன்றையும் கண் திறக்காமல் பிரிக்கலாம். சினிமாவிலோ எந்த ஹெலிகொப்டர் வந்தாலும் அதே இரண்டு இதழ்ச் சத்தம்தான். திரையில் ஐந்து இதழ்கள் சுழல்வதை நான் எண்ணிக்கொண்டிருப்பேன், காதுக்குள் இரண்டு அடித்துக்கொண்டிருக்கும். இதில் ஒரே ஒரு படத்துக்கு என் தலை வணங்கும். 1979இல் வந்த 'அப்போகலிப்ஸ் நவ்'. அதன் தொடக்கத்தில் கேட்கும் ஹெலிகொப்டர் சத்தத்தை ஒலி வடிவமைப்பாளர் வால்டர் மர்ச் சிந்தசைசரில் செய்தார். பொய்ச் சத்தம்தான். ஆனால் உண்மையைக் கேட்டுக் கேட்டு ஊறியவன் செய்த பொய்! சப்-வூஃபரை முழுசாகத் திருப்பிவைத்துக் கேட்டால் தகரக் கூரை அதிரும்.

விழுகிற விமானத்துக்கு வருவோம். எந்த நாட்டுப் படமாக இருந்தாலும், எந்த விமானமாக இருந்தாலும், மூக்கைக் குத்திக்கொண்டு விழும்போது "ஊஊஊ" என்று ஓர் ஓலம் ஏறிக்கொண்டே போகும். அது ஒரே ஒரு விமானத்துக்குச் சொந்தமான ஓலம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் ஸ்டூக்கா என்ற குண்டுவீச்சு விமானத்தின் சக்கரக் காலில் சின்னதாக ஒரு காற்றுச் சைரனைப் பொருத்தியிருந்தார்கள். கீழே இருக்கிற சனம் நடுங்க வேண்டும் என்பதற்காகவே பூட்டிய சைரன். போர் முடிந்து எத்தனை காலம் ஆயிற்று! பாவம், பயணிகள் ஜெட்டும் இன்றைக்கு ஸ்டூக்காவின் குரலில்தான் செத்துக்கொண்டிருக்கிறது.

கண்ணில் படும் பிழைகளும் இல்லாமல் இல்லை. நம்மூர்த் தமிழ்ப் படங்களில் கதாநாயகன் ஏறுவது ஏர்பஸ், நடுவானில் பறப்பது போயிங், இறங்குவது வேறொரு கம்பனியின் விமானம். 'டொப் கன்' படத்து வில்லன் விமானம் மிக்-28. மிக் போர் விமானங்களுக்கு ஒற்றைப்படை எண்கள்தான், 28 என்று ஒன்று கிடையாது, அமெரிக்க எஃப்-5க்குக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வேறு படங்களில் வானத்தின் உச்சியில் வில்லன் விமானக் கதவைத் திறப்பான். உள்ளே இருக்கும் காற்றழுத்தம் அந்தக் கதவைப் பத்துத் தொன் பாரத்துக்கு அழுத்திக்கொண்டிருக்கும்போது எந்தக் கை திறக்கும்? 2023இல் தென்கொரியாவில் ஒரு பயணி திறந்தாரே என்று கேட்பீர்கள். அது தரையிறங்கப் போகிற விமானம். 700 அடி உயரத்தில் இருந்தது, அழுத்தம் தணிந்திருந்தது. இவையெல்லாம் மற்றவர்கள் நிறையப் பேசியவை, நான் காதுக்குத் திரும்புகிறேன்.

1969இல் வந்த 'பெட்டில் ஒஃப் பிரிட்டன்' இந்தக் கிறுக்கர்களின் திருவிழா. ஜெர்மன் போர் விமானங்கள் வேண்டுமே, எங்கே போவது? ஸ்பெயின் விமானப்படையிடம் அதே மெஸ்ஸர்ஸ்மிட் சாதியில் உள்ளூரில் கட்டிய 'புச்சோன்' விமானங்கள் இருந்தன. ஆனால் அவற்றுக்குள் ஓடியது ரோல்ஸ் ரொய்ஸ் மெர்லின் எஞ்சின். எதிரே வரும் ஸ்பிட்ஃபயருக்குள் ஓடுவதும் மெர்லின்! துரத்துகிறவனுக்கும் ஓடுகிறவனுக்கும் ஒரே குரல். முதல் முறை அதைக் கண்டுகொண்டபோது கதிரையிலிருந்து எழுந்து குதித்தேன். பிழைதான், ஆனால் என்ன ஒரு பிழை! நூறு மெர்லின் வந்தாலும் எனக்குச் சலிக்காது.

'டன்கர்க்' (2017) பற்றிச் சொல்லத் தொடங்கினால் கொழுந்து நிறுக்கிற நேரம்வரை பேசுவேன். இயக்குநர் நோலன் உண்மையான ஸ்பிட்ஃபயர்களைப் பறக்கவிட்டார். ஜெர்மன் விமானங்களின் மூக்கு மஞ்சள் நிறம். அந்த மஞ்சள் 1940 மே, ஜூனில் இன்னும் வந்திருக்கவில்லை என்று நிபுணர்கள் சண்டைக்கு வருவார்கள். யார் யாரைச் சுடுகிறார்கள் என்று பார்வையாளருக்கு விளங்கட்டும் என்று தெரிந்தே செய்ததாம். மன்னித்துவிடலாம். எரிபொருள் தீர்ந்த பிறகும் நடிகர் டொம் ஹார்டி ஓட்டும் விமானம் இவ்வளவு தூரம் மிதக்குமா என்றும் கேட்பார்கள். மிதக்கட்டுமே! ஓலமிட வேண்டிய ஸ்டூக்கா அங்கே தன் சொந்த ஓலத்தை இடுகிறது ஐயா, அது போதாதா?

சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. எங்கள் மலைநாட்டு மக்களுக்கு விமான விபத்து என்றால் அது 1974 டிசம்பர் 4. சுரபாயாவிலிருந்து கொழும்பு வழியாக ஜித்தாவுக்கு ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் டி.சி.-8, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் இரவில் மோதி, உள்ளே இருந்த 191 பேரும் மாண்டார்கள். விமானம் பழுதாகவில்லை. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாக எண்ணி, கொழும்புக்கு வழக்கம்போல் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சினிமா விபத்தில் எல்லா அலாரமும் ஒரே நேரத்தில் அடிக்கும், எஞ்சின் அலறும், விமானி தடியைப் பிடித்து உலுக்குவார். மலையில் மோதும் விமானத்தில் எஞ்சின் கடைசிவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். தரை நெருங்குகிறது, "புல் அப்" என்று கத்துகிற கருவியை அமெரிக்கா பெரிய ஜெட்களுக்குக் கட்டாயமாக்கியது அந்தக் காலப்பகுதியில்தான். அந்தக் குரலை எஞ்சினில் தீப்பிடித்த காட்சிக்கும் கதவு கழன்ற காட்சிக்கும் சேர்த்து ஒட்டுகிறவர்களை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியாது.

அதற்கு மருந்து 'எயார்ப்ளேன்!' (1980). பறப்பது ஜெட், படம் முழுக்கக் கேட்பதோ பழைய விசிறி எஞ்சினின் கரகரப்பு. வேண்டுமென்றே செய்த குறும்பு! எங்கள் சாதிக்காரர்களுக்கென்றே எழுதிய பகிடி. நான் மட்டும் சிரித்துக்கொண்டிருக்க, வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'சூரரைப் போற்று' வந்தபோது எல்லாரும் சேர்ந்து அழுதோம். டெக்கான் விமான நிறுவனம் 2003இல் ஏ.டி.ஆர். விசிறி விமானத்தோடு தொடங்கிய கதை அதற்கு அடி. லயத்துப் பிள்ளைக்கும் ஆகாயம் உண்டு என்று சொல்கிற படத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார மனம் வரவில்லை.

எனக்கு ஓர் ஆசை. நம் நாட்டுக் கதையை யாராவது எடுக்க வேண்டும். 1942 ஏப்ரல் 4, கொக்கலை வாவியிலிருந்து கிளம்பிய கெட்டலினா கடல் விமானத்தில் கனடா விமானி பர்ச்சோல், தளபதி நகுமோவின் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பிவிட்டுச் சுடப்பட்டு விழுந்தார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்புக்கு மேலே சண்டை. இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ஹரிகேன்கள் எழுந்தன. ஹரிகேனுக்குள் பன்னிரண்டு சிலிண்டர் மெர்லின், ஜப்பானிய சீரோவுக்குள் வட்டமாக அடுக்கிய பதினாலு சிலிண்டர் சக்காய். ஒன்று ராகம் இழுக்கும், மற்றது தாளம் போடும். இரண்டுக்கும் ஒரே சத்தத்தைப் போட்டுத் தொலைத்துவிடாதீர்கள். இயக்குநர் யாராயிருந்தாலும் சரி, ஒலிப்பதிவு மேசையில் ஒரு கதிரை காலியாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள். அடுத்த பதுளை பஸ்ஸைப் பிடித்துக் கொழும்புக்கு வந்துவிடுகிறேன், சம்பளம்கூட வேண்டாம்.