அடிபடும் நாயகன்

1973 ஜூலையில் புரூஸ் லீ இறந்ததும் ஹாங்காங் படத்துறை அவரைப் போன்ற முகங்களைத் தேடி அலைந்தது. ‘புரூஸ்’, ‘லீ’ என்ற பெயர்களை ஒட்டிக்கொண்டு ஒரு கூட்டமே வந்தது. இயக்குநர் லோ வெய், ஜாக்கி சானையும் அதே அச்சில் வார்க்கப் பார்த்தார். 1976இல் வந்த ‘நியூ ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி’யில் சான் பல்லைக் கடித்துக்கொண்டு எதிரிகளை முறைக்கிறார். அந்தக் கோபம் அவர் முகத்தில் ஒட்டவேயில்லை. புரூஸ் லீயின் திரையுருவத்துக்கு வலி தெரியாது. மார்பில் ரத்தம் வழிந்தாலும் அதை நாக்கில் வைத்துச் சுவைத்துவிட்டு அடுத்த அடிக்குத் தயாராவார். அப்படி ஒருவர்தான் இருக்க முடியும்.

1978இல் தயாரிப்பாளர் இங் சீ-யுயென், லோ வெய்யிடமிருந்து சானை இரண்டு படங்களுக்கு வாங்கி, அதுவரை சண்டை அமைத்துவந்த யுயென் வூ-பிங்கை இயக்குநராக்கினார். ‘ஸ்னேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ’, ‘ட்ரங்கன் மாஸ்டர்’ இரண்டும் ஒரே ஆண்டில் வெளிவந்தன. முதல் படத்தின் நாயகன் ஒரு குங்ஃபூ பள்ளியில் தரை துடைக்கும் அநாதை. மற்றவர்கள் குத்திப் பழகும் மூட்டையும் அவன்தான். அடி விழுந்தால் அவனுக்கு வலிக்கும், கையை உதறுவான், முகம் கோணும். இந்த ஒரு மாற்றத்தில்தான் குங்ஃபூ நகைச்சுவையின் ஈர்ப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பேன். வலிக்கிற உடம்பு எதையாவது கற்றுக்கொண்டாக வேண்டும். அது கற்றுக்கொள்வதை நாமும் கண்ணால் பார்க்கலாம்.

‘ட்ரங்கன் மாஸ்டர்’ இன்னும் துணிச்சலானது. வாங் ஃபெய்-ஹுங் குவாங்டொங் மக்கள் போற்றும் உண்மையான வைத்தியர், வீரர். 1949 முதல் குவான் டாக்-ஹிங் 70க்கும் மேற்பட்ட படங்களில் அவரை நிதானமும் ஒழுக்கமும் நிறைந்த பெரியவராகவே நடித்து நிலைநிறுத்தியிருந்தார். சானின் வாங், தந்தைக்கு அடங்காத போக்கிரிப் பையன். அவனைத் திருத்த வரும் குருவோ மதுக்குப்பியும் சிவந்த மூக்குமாகத் திரியும் பிச்சைக்காரர். அந்த வேடத்தில் நடித்த யுயென் சியு-டீன் இயக்குநரின் தந்தை. பையன் தலைகீழாகத் தொங்கியபடி, கீழேயுள்ள வாளியிலிருந்து சிறு கிண்ணங்களால் தண்ணீரை மொண்டு, உடம்பை வளைத்து எழுந்து, மேலேயுள்ள வாளியில் ஊற்றும் காட்சியைப் பார்க்கும்போது நம் வயிற்றுத் தசையும் இறுகும். இறுதிச் சண்டையில் அவன் வளைந்து எழும்போது அந்த வலு எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. அது வளர்ந்ததைத்தான் பார்த்துவிட்டோமே.

இதற்கு ஈடு கொடுத்தது படம்பிடித்த முறை. தலை முதல் கால் வரை உடல் தெரியும்படி கேமரா விலகி நிற்கும். பத்துப் பதினைந்து அடிகள் தடுப்பும் தாக்குமாகத் தொடர்ந்து போய், சட்டென்று ஒரு நிலையில் உறையும், பரதத்தில் தீர்மானம் விழும் இடம்போல. இது பெய்ஜிங் ஓபராவின் கொடை. சான், சாமோ ஹுங், யுயென் பியாவ் மூவரும் யூ ஜிம்-யுயென் நடத்திய ஒரே ஓபரா பள்ளியில் சிறுவயதிலிருந்து குட்டிக்கரணமும் ஆயுதப் பயிற்சியும் பாட்டும் கற்றவர்கள். வெட்டி ஒட்டிய துண்டுகளால் நடிகரின் இயலாமையை மறைக்கும் இன்றைய சண்டைக் காட்சிகளுக்குப் பழகிய கண்களுக்கு அந்த நேர்மையே விருந்து.

ஆனால் இந்த வகையில் முதல் வரவு சானுடையதன்று. வாங் ஃபெய்-ஹுங்கின் மாணவர் பரம்பரையில் வந்த லாவ் கார்-லியுங், 1975இலேயே ‘தி ஸ்பிரிச்சுவல் பாக்ஸர்’ எடுத்துவிட்டார்; சாமி வந்ததுபோல் நடித்து ஊரை ஏய்க்கும் ஒருவனின் கதை அது. அவருடைய ‘டர்ட்டி ஹோ’ (1979) என் கணக்கில் இந்த வகையின் மிக நுட்பமான படம். மாறுவேடத்தில் இருக்கும் இளவரசரை ஒருவர் மது சுவைக்க அழைக்கிறார். கிண்ணத்தை நீட்டும் கையே குத்து. பணிவாக வாங்கிக்கொள்ளும் கையே தடுப்பு. மேசைக்கடியில் கால்கள் மோதுகின்றன, மேசைக்கு மேலே மதுவின் மணத்தைப் புகழும் பேச்சு அறுபடாமல் தொடர்கிறது. இருவருமே சண்டை நடப்பதாக ஒப்புக்கொள்வதில்லை. சிரிப்பு அந்தச் சண்டையின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. நகைச்சுவையை எடுத்துவிட்டால் சண்டையும் இல்லாமல் போகும்.

இந்த அளவுகோலை வைத்தால் பெரும்பாலான படங்கள் தேறமாட்டா. இரண்டு சண்டைகளுக்கு நடுவில் கண்ணை உருட்டுவது, மாறுகண்ணையும் எடுப்புப் பல்லையும் காட்டிச் சிரிக்கவைக்கப் பார்ப்பது, கதையை ஒரு பழிவாங்கலில் தொடங்கி அதிலேயே முடிப்பது என்று சோம்பல் மலிந்திருக்கும். வென்றதை நகலெடுக்கும் அவசரமும் சேர்ந்துகொண்டது. யுயென் சியு-டீன் 1979 தொடக்கத்தில் இறந்தார். அதற்குள் அதே குடிகாரக் கிழவராக வேறு படங்களிலும் நடிக்கவைத்திருந்தார்கள். ‘ஸ்னேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ’வில் நாயகனுக்குப் புதிய உத்தி தோன்றுவதற்காக ஓர் உண்மையான பூனையையும் நாகத்தையும் மோதவிட்டிருக்கிறார்கள். அந்தக் காட்சியைக் கலையின் பெயரால் மன்னிக்க என்னால் இயலவில்லை.

பெண்களை நடத்திய விதமும் உறுத்துகிறது. ‘ட்ரங்கன் மாஸ்டர்’ கற்றுத்தரும் எட்டுத் தேவர்களின் அடவுகளில் ஒன்று பெண் தேவதைக்குரியது. அது பெண்பிள்ளைத்தனம் என்று பையன் கற்காமல் விட்டுவிடுகிறான். உயிர்போகும் சண்டையில் அது தேவைப்பட, மற்ற ஏழையும் கலந்து அவனே ஒன்றை உருவாக்குகிறான். ஒதுக்கியதே காப்பாற்றுகிறது என்பது நல்ல திருப்பம்தான். ஆனால் அந்த அடவைக் காட்டும்போது படம் முகப்பூச்சு, இடுப்பு நெளிப்பு என்ற மலிவான கேலியில் இறங்கிவிடுகிறது. லாவ் கார்-லியுங்கின் ‘மை யங் ஆன்ட்டி’ (1981) காரா ஹுய்க்கு முழு நாயகி வேடம் தந்து, அன்று எல்லாருக்கும் இப்படித்தான் பார்க்கத் தெரியும் என்ற சாக்கை இல்லாமலாக்கியது.

என்னை அதிகம் அலைக்கழிப்பது பயிற்சிக் காட்சிகள்தான். நான் மேலே புகழ்ந்த அதே காட்சிகள். குரு பிரம்பால் அடிக்கிறார், பட்டினி போடுகிறார், மாணவன் தப்பி ஓடுகிறான், நாம் சிரிக்கிறோம். கடைசியில் மாணவன் வெல்வதால் அடி நியாயமாகிவிடுகிறது. இந்த நடிகர்கள் வளர்ந்த பள்ளியில் குழந்தைகள் உண்மையிலேயே கடுமையாக அடிபட்டார்கள். 1988இல் அந்தப் பள்ளியைப் பற்றி எடுக்கப்பட்ட ‘பெயின்டட் ஃபேசஸ்’ படத்தில் தங்கள் ஆசிரியரின் வேடத்தைச் சாமோ ஹுங்கே ஏற்றார். அதில் கண்டிப்பும் இருக்கிறது, பாசமும் இருக்கிறது. திரையில் நாம் வியக்கும் உடல்கள் அந்தப் பிரம்படியில் உருவானவை. வலியைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டது அந்தக் குழந்தைகளின் உரிமை. அடித்தால்தான் கலை வரும் என்று பார்வையாளர் அதிலிருந்து முடிவுகட்டினால் அதற்குப் படங்களும் பொறுப்பு.

சாமோ ஹுங் இயக்கிய ‘தி புராடிகல் சன்’ (1981) இந்தச் சிக்கலை மற்றவற்றைவிட ஆழமாகத் தொட்டது. பணக்கார வீட்டுப் பையன் ஒருவன் ஊரிலேயே பெரிய வீரன் என்று தன்னை நம்புகிறான். எதிரிகளுக்குக் காசு கொடுத்துத் தோற்கச்செய்வது வீட்டார் ஏற்பாடு என்பது அவனுக்குத் தெரியாது. ஓபராவில் பெண் வேடம் கட்டும், ஆஸ்துமாவால் மூச்சிரைக்கும் ஒரு மெலிந்த கலைஞர் அவனைத் தோற்கடித்து உண்மையைக் காட்டுகிறார். அந்த வேடத்தில் லாம் சிங்-யிங் தந்த கண்ணியம் இந்தப் படங்களில் அரிது. எதிரியான பிரபுவும் அதே வகையில் பாதுகாக்கப்பட்டவன்தான். அவனுடைய காவலர்கள் காசுக்குப் பதில் கொலையைக் கையாள்கிறார்கள், அவனுக்குத் தெரியாமலே. நள்ளிரவில் ஓபராக் குழுவே வெட்டிச் சாய்க்கப்படும்போது அதுவரை சிரித்த வாய் அடைத்துப்போகிறது. தொனி சிதறிவிட்டது என்று இதைக் குறைசொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் பாதியின் வேடிக்கையும் இந்தக் கொலையும் ஒரே பொய்யின் இரண்டு விலைகள்.

1983இல் ‘புராஜெக்ட் ஏ’ வந்தது. சான் மணிக்கூண்டின் உச்சியிலிருந்து கீழே விழுந்தார். 1923இல் ‘சேஃப்டி லாஸ்ட்’டில் கடிகாரத்தில் தொங்கிய ஹெரால்ட் லாய்டுக்கு அது வணக்கம். அங்கிருந்து சானின் படங்களில் குரு மெல்ல மறைந்தார். அடிக்கும் பிரம்பு போனது நல்லதே. ஆனால் ஒன்றும் தெரியாதவன் ஒன்றைக் கற்பதைப் பார்க்கும் இன்பமும் அதனோடு சேர்ந்தே போய்விட்டது. இரண்டாவதை மட்டும் அதன்பின் அவர் தன் படங்களில் அதே முழுமையோடு மீட்கவில்லை.